மதிலுக்கு அப்பால் வளரும் மகள்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1977 அக்டோபர். அர்ஜென்டினாவில் லூஹான் என்ற ஊரின் மாதா கோவிலை நோக்கிப் பெருங்கூட்டம் பாதயாத்திரை போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிச் சாலையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தை விவரிக்கத் தேவையில்லை. அதற்குள் நடுத்தர வயதுப் பெண்கள் சிலரும் இருந்தார்கள். நெரிசலில் ஒருவரை ஒருவர் தவறவிட்டுவிடக் கூடாது, எல்லோருக்கும் பொதுவாக ஓர் அடையாளம் வேண்டும் என்று முன்கூட்டியே பேசியிருந்தார்கள். என்ன அடையாளம் வைப்பது? பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்தபோது இடுப்பில் கட்டிவிட்ட வெள்ளைத் துணியை அவர்களில் பலர் பீரோவில் பத்திரமாக மடித்து வைத்திருந்தார்கள். அதை எடுத்துத் தலையில் முக்காடாகக் கட்டிக்கொண்டார்கள்.

அந்தத் துணியைக் கட்டி வளர்ந்த பிள்ளைகள் அப்போது வீட்டில் இல்லை. 1976 மார்ச்சில் ஆட்சியைப் பிடித்த ராணுவம் மாணவர்களையும் தொழிற்சங்கத்தாரையும் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. எந்தக் காவல் நிலையமும் 'எங்களிடம் இருக்கிறார்கள்' என்று ஒப்புக்கொள்ளவில்லை. 1977 ஏப்ரல் 30 அன்று பதினான்கு பெண்கள் அரசு மாளிகைக்கு எதிரே இருக்கும் மே சதுக்கத்தில் போய் நின்றார்கள். கூட்டமாக நிற்கத் தடை இருக்கிறது, நடங்கள் என்று போலீஸ் விரட்டியது. அவர்களும் நடந்தார்கள். இருவர் இருவராகக் கைகோத்துக்கொண்டு, சதுக்கத்தின் நடுவில் இருக்கும் தூணைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். பிறகு அது வியாழன்தோறும் மாலை மூன்றரை மணி என்று வழக்கமாயிற்று. கலைக்க நினைத்த போலீஸ்காரரின் உத்தரவே ஒரு போராட்ட வடிவத்தைப் பிறப்பித்துவிட்டது.

பிடித்துச் செல்லப்பட்ட மகள்களில் சிலர் கர்ப்பிணிகள். பியூனஸ் அயர்ஸில் இருந்த கடற்படை இயந்திரவியல் பள்ளி போன்ற ரகசியச் சிறைகளில் அவர்களுக்குப் பிரசவம் நடந்தது. குழந்தை பிறக்கும்வரை தாயை உயிரோடு வைத்திருந்தார்கள். பிறந்ததும் தாயைக் கொன்றுவிட்டுக் குழந்தையை ராணுவக் குடும்பங்களுக்கும் அவர்களுக்கு வேண்டப்பட்டவர்களுக்கும் கொடுத்துவிட்டார்கள். இப்படிக் கைமாறிய குழந்தைகள் சுமார் 500 பேர் என்பது, அவர்களைத் தேடும் மே சதுக்கப் பாட்டிமார் அமைப்பின் கணக்கு. 'எதிரி'யின் வயிற்றில் பிறந்தது நல்ல வீட்டில் வளர்ந்தால் நல்லதாக வளரும் என்பது அந்தத் தளபதிகளின் சித்தாந்தம்.

தாய்மை, இழப்பு, சமூகப் பிளவு ஆகியவற்றைப் பற்றிய டிஸ்டோபியா நாவல்கள், அதாவது கொடுங்கனவு உலகங்களைக் கற்பனை செய்யும் நாவல்கள், என்று தலைப்புக் கொடுத்துவிட்டு, நடந்த கதையைச் சொல்லிக்கொண்டிருப்பது எதற்காக என்று அவையில் சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. இந்த வகை நாவல்களை 'நாளைக்கு இப்படி நடக்கும்' என்று எச்சரிக்கும் ஜோசியமாகப் படிப்பதே பழக்கமாகிவிட்டது. உண்மையில் அவை செய்யும் வேலை வேறு. எங்கோ, யாருக்கோ ஏற்கெனவே நடந்ததை எடுத்து, அது நடக்கவே நடக்காது என்று நம்பிக்கொண்டிருந்த வீட்டின் வாசலில் கொண்டுபோய் வைக்கின்றன. முகவரி மாற்றம்தான் அந்தக் கற்பனையின் முழு ரகசியம். ஆகவே ஒவ்வொரு நாவலிடமும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் துயரம் முதலில் யாருடைய வீட்டில் இருந்தது? அதை இந்த நூல் நினைவில் வைத்திருக்கிறதா?

மார்கரெட் அட்வுட்டிடமிருந்து தொடங்கலாம். கனடாக்காரரான அவர் 1984 வசந்தத்தில் மேற்கு பெர்லினில் தங்கியிருந்தார். சுற்றிலும் சுவர். வாடகைக்கு எடுத்த தட்டச்சு இயந்திரம், அதிலும் ஜெர்மன் விசைப்பலகை. அங்கே தொடங்கியதுதான் 1985-ல் வெளிவந்த 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்'. அமெரிக்காவின் ஒரு பகுதி கிலியட் என்ற மதவாத அரசாகிறது. பிறப்பு விகிதம் சரிந்த அந்த நாட்டில், பிள்ளை பெறும் சக்தியுள்ள பெண்களுக்குச் சிவப்பு அங்கி போட்டு அதிகாரிகளின் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். பிறக்கும் குழந்தை அதிகாரியின் மனைவிக்குச் சொந்தம். எழுதும்போது அட்வுட் தமக்கென்று ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டார். மனித குலம் எங்காவது, எப்போதாவது செய்திராத எதையும் நாவலில் சேர்ப்பதில்லை. இதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அர்ஜென்டினாவில் களவு போன குழந்தைகள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ருமேனியாவும் இருந்தது.

ருமேனியாவின் கதை இங்கே அதிகம் பேசப்படாதது. 1966-ல் அந்நாட்டை ஆண்ட சௌசெஸ்குவின் அரசு 770-ஆம் எண் ஆணையைப் பிறப்பித்துக் கருக்கலைப்பைத் தடைசெய்தது. நான்கு பிள்ளை பெற்றவர்கள், நாற்பத்தைந்தைக் கடந்தவர்கள் போன்ற சிலருக்கே விலக்கு. மறு ஆண்டில் பிறப்பு எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு மடங்காயிற்று. பிறகு மெல்ல இறங்கியது. பெண்கள் வேறு வழிகளைக் கண்டுபிடித்தார்கள், அந்த வழிகளில் பலர் செத்தார்கள். பிடியை இறுக்கிய அரசு தொழிற்சாலைகளுக்கே மருத்துவரை அனுப்பி, வேலைக்கு வரும் பெண்களின் வயிற்றைச் சோதித்தது. 1989-ல் ஆட்சி கவிழ்ந்தபோது அநாதை இல்லங்களின் கதவு திறந்தது. வளர்க்க வழியில்லாமல் பெற்றோர் விட்டுச்சென்ற குழந்தைகள் கம்பிக் கட்டில்களில் கிடந்ததை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. பெறச்சொன்ன அரசுக்கு வளர்க்கத் தெரியவில்லை.

அட்வுட்டின் நாவலில் பெரிய கொடுமைகள் நிறைய உண்டு. ஆனால் நெஞ்சில் நிற்பது ஒரு சின்னப் புகைப்படம். கதை சொல்லும் ஆஃப்ரெட் கனடா எல்லையைக் கடக்க முயன்று பிடிபட்டபோது, ஐந்து வயது மகளை அவளிடமிருந்து பறித்துவிடுகிறார்கள். வருடங்கள் கழித்து, வீட்டு எசமானி செரீனா ஜாய் ஒரு பேரம் பேசுகிறாள்: எப்படியாவது கருத்தரித்துக் கொடு, உன் மகளின் போட்டோவைக் காட்டுகிறேன். போலராய்டு படம் வருகிறது. அதில் ஒரு பெண் வெள்ளை உடையில் நிற்கிறாள், உயரமாக வளர்ந்திருக்கிறாள், லேசாகச் சிரிக்கிறாள். உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதியைவிட வேறொன்றுதான் தாயைக் கொல்கிறது. அந்தச் சிரிப்பில் தனக்கு இடமில்லை. மகள் தன்னை மறந்து வளர்ந்துவிட்டாள். சிறைப்பட்டவளுக்கு அந்தப் படத்தை வைத்துக்கொள்ளக்கூட உரிமை கிடையாது. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ராணுவமும் தூக்குமேடையும் இல்லாத அந்த இரண்டு பக்கம்தான் நாவலிலேயே பயங்கரமான பகுதி.

இந்த நாவலின் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு, அது நியாயமானது. பெயர் பறிக்கப்படுவது, எசமானனுக்குப் பிள்ளை பெறுவது, பெற்ற பிள்ளை கைமாறுவது, எழுதப் படிக்கத் தடை ஆகிய எல்லாமே அமெரிக்க மண்ணில் கறுப்பினப் பெண்களுக்குப் பல தலைமுறைகளாக நடந்தவை. 1662-லேயே வர்ஜீனியா காலனி ஒரு சட்டம் போட்டது. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. தகப்பன் யார் என்ற கேள்வியே கிடையாது. பண்ணையாருக்குப் பிறந்த குழந்தையும் பண்ணையாரின் சொத்துக் கணக்கில்தான் ஏறும். ஒரு பெண்ணின் வயிற்றைச் சட்டம் போட்டுத் தொழிற்சாலையாக்கியது அங்கேதான். அட்வுட்டின் நாவலிலோ கறுப்பின மக்கள் ஒரு செய்தித் துணுக்கில், வடக்கு டகோட்டாவுக்கு அனுப்பப்பட்டவர்களாகக் கடந்துபோகிறார்கள். துயரம் முகவரி மாறிவிட்டது. பழைய வீட்டுக்காரர்களைக் காணோம்.

பழைய வீட்டுக்காரர்களின் பக்கத்திலிருந்து எழுதியவர் ஆக்டேவியா பட்லர். 1947-ல் கலிபோர்னியாவின் பசடீனாவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தந்தை இறந்துவிட, தாய் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்து வளர்த்தார். அம்மாவோடு போகும்போதெல்லாம் பின்வாசல் வழியாகத்தான் நுழையவேண்டும். அம்மா காதில் விழவே விழாததுபோல் வீட்டுக்காரர்கள் அவரைப் பற்றிப் பேசுவதைச் சிறுமி கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா ஏன் பதில் சொல்லவில்லை என்று அப்போது கோபம். அந்த மௌனம்தான் தனக்குச் சோறு போட்டது என்று பின்னாளில் புரிந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அவருடைய நாவல்கள் பலவற்றுக்கும் விதை அந்தப் பின்வாசலில் விழுந்தது.

1998-ல் வந்த அவரது 'பேரபிள் ஆஃப் தி டேலன்ட்ஸ்' நாவலில் லாரன் என்ற கறுப்பினப் பெண் காட்டுக்குள் ஒரு சிறு குடியிருப்பை உருவாக்குகிறாள். அமெரிக்காவை மீண்டும் மகத்தானதாக்குவோம் என்று சொல்லி ஓட்டு வாங்கும் ஓர் அரசியல்வாதி அதில் வருகிறார்; ஆமாம், 1998-ல். அவருடைய அடியாட்கள் குடியிருப்பைப் பிடித்து, லாரனின் கைக்குழந்தையை எடுத்துச் சென்று 'நல்ல கிறிஸ்தவ வீட்டில்' வளர்க்கக் கொடுக்கிறார்கள். அர்ஜென்டினாத் தளபதிகளின் அதே வாதம். பட்லரின் சாமர்த்தியம், நாவலை வளர்ந்த மகளின் குரலிலும் சொல்லவைத்ததில் இருக்கிறது. தாயின் நாட்குறிப்பை மகள் படிக்கிறாள், ஆனால் உருகவில்லை. உலகத்தைத் திருத்தப் போன அம்மா தன்னைத் தேடியது போதாது என்று அவளுக்கு மனத்தாங்கல். கட்டிப்பிடித்து அழும் காட்சி வரும் என்று காத்திருக்கும் வாசகருக்குப் பட்லர் அதைக் கொடுப்பதில்லை. தமிழ் சினிமாவில் பிரிந்த தாயும் பிள்ளையும் ஒரு பாட்டைப் பாடி ஒன்றுசேர்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு அது கொஞ்சம் கசக்கும், கசக்கத்தான் வேண்டும்.

இனி இந்தியாவுக்கு வரலாம். பத்திரிகையாளர் பிரயாக் அக்பர் 2017-ல் ஆங்கிலத்தில் எழுதிய 'லைலா', இந்தத் தலைப்புக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோன்ற நாவல். பெயர் சொல்லப்படாத ஓர் இந்திய நகரம். ஒவ்வொரு சமூகமும் தன் குடியிருப்பைச் சுற்றி மதில் எழுப்பிக்கொள்கிறது. உள்ளே நல்ல தண்ணீர், நல்ல காற்று; வெளியே குப்பையும் சேரியும். ஒரு மதிலிலிருந்து இன்னொரு மதிலுக்குத் தரையைத் தொடாமலே போக வானத்தில் சாலைகள். 'தூய்மை' என்பதே ஆட்சியின் மந்திரம். ஷாலினி இந்து, ரிஸ்வானை மணக்கிறாள். மகள் லைலாவுக்கு மூன்றாவது பிறந்தநாள். நீச்சல்குளத்தருகே விருந்து நடந்துகொண்டிருக்கும்போது கூலிப்படை உள்ளே புகுகிறது. அதற்குப் பிறகு கணவன் இல்லை, மகள் இல்லை. ஷாலினியைத் திருத்த ஒரு முகாம் காத்திருக்கிறது. நாவல் தொடங்கும்போது இதெல்லாம் முடிந்து பதினாறு ஆண்டுகள். மகள் எங்கேயோ ஒரு மதிலுக்குப் பின்னால் வளர்ந்துகொண்டிருக்கிறாள் என்ற நம்பிக்கையில் தாய் இன்னும் பிறந்தநாளைக் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள்.

2019 ஜூனில் இது நெட்ஃபிளிக்ஸ் தொடராக வந்தது. தீபா மேத்தா இயக்குநர்களில் ஒருவர். ஷாலினியாக ஹுமா குரேஷி. தொடர் வந்ததும் 'இந்து விரோதம்' என்று ஒரு கூச்சல், 'நாளைய இந்தியா' என்று எதிர்க்கூச்சல். இரண்டு தரப்புமே அதை ஜோசியமாகத்தான் பார்த்தன. நேற்றைய இந்தியாவைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பிரிவினையின்போது இரண்டு பக்கமும் கடத்தப்பட்ட பெண்கள் சுமார் 75,000 பேர் என்று ஒரு மதிப்பீடு உண்டு. அவர்களை மீட்பதற்கு இந்திய அரசும் பாகிஸ்தான் அரசும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1949-ல் இந்தியா அதற்கென்று ஒரு தனிச் சட்டமே இயற்றியது. 1947 மார்ச் 1-க்குப் பிறகு நடந்த கலப்புத் திருமணங்களையும் மதமாற்றங்களையும் கட்டாயத்தால் நடந்தவை என்றே அரசுகள் எடுத்துக்கொண்டன. பெண் என்ன சொல்கிறாள் என்பது பொருட்டல்ல. அவள் எந்த மதம், ஆகவே எந்த நாடு என்பதை அதிகாரிகள் தீர்மானித்தார்கள். போகமாட்டேன் என்று அழுதவர்களையும் வண்டியில் ஏற்றினார்கள். அப்படியென்றால் இடையில் பிறந்த குழந்தைகள்? அவர்களைப் பிறந்த நாட்டிலேயே விட்டுவிட்டுத் தாய் மட்டும் எல்லையைக் கடப்பது என்று ஒரு கட்டத்தில் முடிவெடுத்தார்கள். களத்தில் இருந்த சமூகப் பணியாளர்களே அதை எதிர்த்தார்கள். விதி சில இடங்களில் தளர்ந்தது, பல இடங்களில் தளரவில்லை. ஊர்வசி புட்டாலியாவும், ரிது மேனனும் கமலா பாசினும் இந்தப் பெண்களைத் தேடிப்போய்ப் பேசி எழுதிய நூல்கள் 1998-ல்தான் வெளிவந்தன. அரை நூற்றாண்டு ஆயிற்று, அந்தத் தாய்மார்களிடம் ஒரு கேள்வி கேட்க.

கலப்பு மணம், அதைச் செல்லாது என்று தீர்ப்பெழுதும் அரசு, எல்லைக்கு அந்தப் பக்கம் விடப்பட்ட குழந்தை என்று ஷாலினியின் கதையில் இருக்கும் மூன்றும் பிரிவினையின் இந்த வரலாற்றில் இருக்கின்றன. அக்பர் செய்தது என்ன? லாகூருக்கும் அமிர்தசரஸுக்கும் நடுவில் போட்ட கோட்டை எடுத்து ஒரே நகரத்தின் தெருக்களுக்கு நடுவில் போட்டார்.

அந்த மதில்களும் அவருடைய கற்பனை என்று சொல்லிவிட முடியாது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து 1989-ல் ஒரு சுவர் எழுந்தது. நீளம் ஏறத்தாழ 600 மீட்டர். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2008 மே 6 அன்று, பெரும் போலீஸ் காவலோடு அதில் பாதை விடும் அளவுக்கு ஒரு பகுதியை இடித்தார்கள். 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூர்: ஒரு பெரிய வீட்டின் சுற்றுச்சுவர் அடைமழையில் சரிந்து பக்கத்திலிருந்த தலித் மக்களின் வீடுகள்மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் போய்விட்டார்கள். 'லைலா' தொடர் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. சுவரைக் கட்டியவர்களுக்கு அது பாதுகாப்பு. அடுத்த பக்கத்தில் படுத்திருந்தவர்களுக்கு அது தலைமாட்டில் நின்ற கல்.

'லைலா'வின் உண்மையான வலிமை ஷாலினியின் கண்ணீரில் இல்லை, சப்னாவில் இருக்கிறது. சப்னா லைலாவை வளர்த்த ஆயா. வசதியான காலத்தில் ஷாலினி நல்ல எசமானிதான், அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் எசமானி. சப்னாவின் வீடு எங்கே, அவள் தண்ணீர் பிடிக்க எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்பதெல்லாம் ஷாலினியின் கவலைப் பட்டியலில் இருந்ததில்லை. மதில்கள் எழும்பிக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்தவள் அவள். அந்தப் பக்கம் போன பிறகுதான் மதிலின் உயரம் தெரிகிறது. மகளைத் தேடும் பாதை கடைசியில் அவளைச் சப்னாவின் வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. இப்போது யார் உள்ளே, யார் வெளியே என்பதைச் சொல்லிவிட்டால் படிக்காதவர்களுக்குச் செய்யும் துரோகமாகிவிடும். ஒன்று மட்டும் சொல்லலாம்: அழைப்புமணியை அழுத்திவிட்டுக் காத்து நிற்பது எப்படி இருக்கும் என்று ஷாலினி அன்றுதான் தெரிந்துகொள்கிறாள். பட்லரின் அம்மா நுழைந்த பின்வாசலும் இந்த வாசலும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை. அட்வுட் மறந்த கணக்கை அக்பர் மறக்கவில்லை.

அயர்லாந்துக்காரரான பால் லின்ச் 2023-ல் புக்கர் பரிசு பெற்ற 'புராஃபெட் சாங்' நாவலில் இதே முகவரி மாற்றத்தை ஒளிக்காமல் செய்கிறார். சிரியாவின் அகதிகளை ஐரோப்பா பார்த்தும் பாராமல் இருந்ததே அந்த நாவலுக்குத் தூண்டுதல் என்று அவர் சொல்லியிருக்கிறார். அலெப்போவை டப்ளினில் கொண்டுவந்து இறக்கினார், அவ்வளவுதான். நான்கு பிள்ளைகளின் தாயான ஐலிஷ், கணவனை ரகசியப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன பிறகும் பள்ளிக்கூடம், மளிகை, வயதான அப்பா என்று அன்றாடத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பாமல் இருக்கிறாள். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். அடிபட்ட மகனை மருத்துவமனை மருத்துவமனையாகத் தேடி அவள் பிணவறையில் ஒவ்வொரு உறையாகத் திறந்து பார்க்கும் இடத்தைப் படித்துவிட்டு அன்றைக்குத் தூங்கினவர்கள் கல்நெஞ்சர்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 'டிஸ்டோபியா' என்ற சொல்லின் ஒரு வடிவத்தை ஜான் ஸ்டூவர்ட் மில் 1868-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பயன்படுத்தினார். எதைத் திட்டுவதற்கு? அயர்லாந்தில் அரசு கடைப்பிடித்த நிலக்கொள்கையை. சொல் அயர்லாந்தின் நடப்பைக் குறித்து எழுந்தது. நாவலாக அயர்லாந்துக்கே திரும்பிவர நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. தமிழில் இதற்குத் துர்க்கனவுலகம், பிறழ்உலகு என்று பல சொற்களை முயன்றிருக்கிறார்கள். எதுவும் நாக்கில் இன்னும் ஒட்டவில்லை.

சட்டை கசங்காமல், துப்பாக்கி தூக்காமல் பிள்ளையைப் பறிக்கும் அரசும் உண்டு. ஜெசமின் சானின் 'தி ஸ்கூல் ஃபார் குட் மதர்ஸ்' 2022-ல் வந்தது. ஃபிலடெல்பியாவில் வசிக்கும் ஃப்ரீடா, சீனக் குடியேறிகளின் மகள். கணவன் வேறொருத்தியோடு போய்விட்டான். தூக்கமில்லாத ஒரு நாளில் ஒன்றரை வயது மகளைத் தனியே விட்டுவிட்டு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வெளியே போய்விடுகிறாள். தவறுதான். அதற்குத் தண்டனை: நல்ல தாயாவது எப்படி என்று ஓராண்டு பயிற்சி. பள்ளியில் ஒவ்வொரு தாய்க்கும் மகளின் வயதில் ஓர் இயந்திரப் பொம்மை கொடுக்கிறார்கள். அது அழும், அடம்பிடிக்கும், அம்மா என்று கூப்பிடும். அதன் கண்களில் கேமரா. தாய் அணைத்துக்கொள்வது எத்தனை நொடி, குரலில் பாசம் எவ்வளவு என்று அளந்து மதிப்பெண் போடும். பொம்மைக்குள் ஒரு நீல நிறத் திரவம் ஓடும்; அதைத் தாயே வெளியேற்றி, உள்ளே கழுவி, புதிதாக நிரப்பவேண்டும். பெற்ற மகளைப் பார்க்க அனுமதியில்லாத பெண், பொம்மையின் வயிற்றைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். பள்ளியில் இருக்கும் பெண்கள் பெரும்பாலும் ஏழைகள், கறுப்பர், குடியேறிகள். பணக்கார வீட்டில் ஆயா பார்த்துக்கொள்வார். அங்கே இதே தவறு நடந்தால் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடமாட்டார். பள்ளிக்கு அப்பாக்கள் பிரிவும் உண்டு. விதிகள் அங்கே சற்றுத் தளர்வு. ஏன் என்று பெண் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2017 முதல் அட்வுட்டின் நாவல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அதன் சிவப்பு அங்கியும் வெள்ளைத் தொப்பியும் பல நாட்டுத் தெருக்களில் போராட்ட உடையாயின. 2018-ல் அர்ஜென்டினாவில் கருக்கலைப்பு உரிமை மசோதா விவாதத்துக்கு வந்தபோது பியூனஸ் அயர்ஸ் நாடாளுமன்றத்தின் முன்னால் பெண்கள் அதே உடையில் தலைகுனிந்து வரிசையாக நடந்தார்கள். எந்த நாட்டில் நடந்ததை ஒரு கனடாக்காரர் எடுத்து நாவலில் வைத்தாரோ, அந்த நாட்டுக்கே அது உடையாகத் திரும்பி வந்தது. அன்று மசோதா செனட்டில் தோற்றது. 2020 டிசம்பர் 30 அன்று வென்றது. அந்தப் போராட்டத்துக்கு இன்னொரு சின்னமும் உண்டு: பச்சை நிற முக்கோணத் துணி. மே சதுக்கத் தாய்மாரின் வெள்ளை முக்காட்டைப் பார்த்து, நிறத்தை மட்டும் மாற்றி எடுத்துக்கொண்டது. சிவப்பு அங்கி தொலைக்காட்சியிலிருந்து வந்தது. பச்சைத் துணி பீரோவிலிருந்து வந்தது. எது நெடுநாள் நிற்கும் என்று கேட்டால் இந்த உரையின் ஓட்டு துணிக்குத்தான்.

தொலைந்த பிள்ளைகளுக்குத் தாயின் நினைவில் வயது ஏறுவதில்லை. பிறந்தநாளை எண்ணிக்கொண்டே இருந்தாலும் ஷாலினிக்கு லைலா மூன்று வயதிலேயே நிற்கிறாள். இலங்கையின் கிளிநொச்சியில், காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பிப்ரவரி 20 அன்று கந்தசாமி கோவில் முன்பாகப் பந்தல் போட்டு உட்கார்ந்த தாய்மார் கையில் இருந்த படங்களும் அப்படித்தான். ராணுவத்திடம் கையளித்த மகன், பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோன மகள். பள்ளிச் சீருடையிலோ திருமணக் கோலத்திலோ எடுத்த ஒரே படம். லேமினேட் செய்த அந்தப் படத்தில் மகனுக்கு இருபது வயது. அதைப் பிடித்திருக்கும் கைக்கு ஒவ்வோர் ஆண்டும் வயதாகிறது. பதில் கிடைக்காமலே இறந்துபோன அம்மாக்கள் அந்தப் பந்தலில் பலர்.

அர்ஜென்டினாவின் பாட்டிமார் படத்தோடு நிற்கவில்லை. பெற்றோர் உயிரோடு இல்லாதபோது ஒரு குழந்தை யாருடைய பேரப்பிள்ளை என்பதை ரத்தத்தை வைத்துச் சொல்ல முடியுமா என்று விஞ்ஞானிகளின் கதவைத் தட்டினார்கள். அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் 1980-களில் அவர்களோடு சேர்ந்தார். மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ தாய்வழியாக மட்டுமே இறங்குகிறது. ஆகவே மகள் இறந்திருந்தாலும் பாட்டியின் ரத்தமும் பேரனின் ரத்தமும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். 1987-ல் அர்ஜென்டினா இதற்கென்று தேசிய மரபணு வங்கியைச் சட்டத்தின் மூலம் நிறுவியது. சாவதற்கு முன் பாட்டிமார் தங்கள் ரத்தத்தை அதில் வைப்பு வைத்தார்கள்.

எல்லாச் சந்திப்பும் இனிப்பாக முடியவில்லை. வளர்த்தவர்களையே பெற்றோர் என்று நம்பி வளர்ந்தவர்களுக்கு, அப்பா என்று கூப்பிட்டவர் தன் தாயின் கொலையில் உடந்தை என்று தெரியவரும் நாள் எப்படி இருக்கும்? சிலர் பரிசோதனைக்கே மறுத்தார்கள். பட்லரின் நாவலில் வரும் மகளின் கசப்பு கற்பனையில்லை என்று இங்கேதான் உறைக்கும். அமைப்பின் தலைவி எஸ்தேலா தெ கார்லோட்டோவின் மகள் லாரா 1978-ல் சிறையில் ஆண்குழந்தையைப் பெற்றார். இரண்டு மாதத்தில் கொல்லப்பட்டார். மற்றவர்களின் பேரப்பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கண்டுபிடித்துக்கொண்டே எஸ்தேலா தம்முடையவனுக்காக 36 ஆண்டுகள் காத்திருந்தார். 2014 ஆகஸ்டில் அவன் கிடைத்தான். தன் பிறப்பில் சந்தேகம் வந்து தானாகவே ரத்தம் கொடுத்த ஓர் இசைக்கலைஞன். கணக்கில் 114-ஆவது பேரன்.

2025 ஜூலையில் 140-ஆவது பேரனைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பாட்டிமார் அறிவித்தார்கள். ரகசியச் சிறையொன்றில் 1977 ஏப்ரலில் பிறந்தவர். அவருடைய அக்கா அத்தனை காலமும் அவரைத் தேடிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்த அன்று அந்தக் கைக்குழந்தைக்கு வயது 48.